அயல்வீட்டுப் பிரதி

வண்டலூரிலிருந்து படப்பையையும் ஒரகடத்தையும் கடந்து ஓடிவரும் நெடுஞ்சாலை வாலாஜாபாத்தில் வந்து முடிகிறது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, கும்பினியார் காலத்தில் படைகள் தங்கும் பாளையமாக விளங்கி, பின்னர் உழவும் நெசவும் ரயில் நிலையமுமாக அமைதி பெற்றிருந்த இந்தப் பாலாற்றங்கரை ஊர், அந்தச் சாலையின் வழியே வந்து சேர்ந்த மோட்டார் ஆலைகளின் காரணமாகப் புதியதொரு வாழ்க்கையை மேற்கொண்டிருக்கிறது. அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றில் நுழைந்து, இங்கே இழந்தால் ஈடுசெய்ய முடியாத பொருள் எது என்று விசாரித்தால், முதலாளி தம்முடைய யந்திரத்தைக் காட்டமாட்டார். யந்திரத்துக்குக் கடன் உண்டு, காப்பீடும் உண்டு. மூலையில் உள்ள மேஜைக் கணினியைத்தான் காட்டுவார். பல வருஷங்களாக ஒவ்வொரு ஜாபுக்கும் திருத்தித் திருத்தி எழுதிய சி.என்.சி. புரோகிராம்களும், வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்குகளும், டேலியில் ஏற்றிய கணக்கும், ஜி.எஸ்.டி. பில்களும் அதற்குள்ளே உறங்குகின்றன. அடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் ஊரார் கலியாணங்கள் அத்தனையும் இருக்கின்றன. இவையெல்லாம் உள்ளங்கையகலப் பெட்டிக்குள் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் தட்டுகளின் மேல், கண்ணுக்குப் புலப்படாத காந்தப் புள்ளிகளாக எழுதப்பட்டவை என்பதை, 'ஹார்டு டிஸ்க் போய்விட்டது' என்று சொல்ல நேரும் நாள் வரையில் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்படிச் சொல்ல நேர்வது அபூர்வமும் அன்று. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ என்னும் மூவர், தங்கள் கூடங்களில் ஓடிய லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, முதல் வயதில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே பழுதான டிஸ்குகள், மூன்றாம் வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கும் மேலாகப் பழுதாயின. குளிரூட்டிய அறையில், கைதேர்ந்தவர் மேற்பார்வையில் இருந்தவற்றின் கதி இது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றோர் உண்மை உண்டு. 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜான் டூசர், வில்லியம் போலோஸ்கி ஆகிய இருவரும் தங்கள் நிறுவனத்தில் இருந்த நாலாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கணினிகளைச் சோதித்து, அவற்றின் டிஸ்குகள் சராசரியாகப் பாதியளவே நிரம்பியிருந்தன என்று கண்டார்கள். கணினியை உபயோகிப்பவர் எழுத்தராயினும் பொறியாளராயினும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் கவனிக்கத்தக்கது. ஆகவே, பட்டறைக்காரர் தம் பிரதியை எங்கே வைப்பது என்று தவிக்கும் அதே வேளையில், ஸ்டூடியோக்காரரின் டிஸ்கில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கிறது; ஸ்டூடியோக்காரரின் தவிப்புக்கு மருந்து பட்டறையில் கிடக்கிறது. இருவரும் தத்தம் வெற்றிடத்தை மாற்றிக்கொண்டால் ஒரு காசும் செலவின்றி இருவருக்கும் காவல் கிடைத்துவிடும் அன்றோ? இந்த எளிய வினாவிலிருந்து பிறந்ததே இந்த அத்தியாயத்தின் விஷயம். டூசரும் போலோஸ்கியும் தம் சகாக்களுடன் அதே வெற்றிடத்தைக் கொண்டு ஃபார்சைட் என்னும் அமைப்பைக் கட்டினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லேண்டன் காக்ஸ், கிறிஸ்டபர் மர்ரே, பிரயன் நோபிள் என்போர் 2002-இல் வெளியிட்ட பாஸ்டிஷ் என்னும் ஏற்பாட்டில், ஒவ்வொரு கணினியும் தன் பிரதியைக் காப்பதற்குத் தானாகவே சில தோழர்களைத் தேடிக்கொண்டது.

முறை புதியதாயினும் அதன் தத்துவம் தமிழருக்குப் புதியதன்று. நம்முடைய பண்டை நூல்கள் இன்று நம் கைக்கு எட்டியதற்குக் காரணம் பனையோலையின் உறுதி அன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் செல்லுக்கும் பூச்சிக்கும் தப்பி, ஓர் ஏடு சில நூறாண்டுகள் நிலைத்தாலே அதிசயம். ஒருவர் வீட்டு ஏட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதிக்கொண்டதும், அது மடத்திலும் வித்துவான் வீட்டுப் பரணிலும் கோயிற் களஞ்சியத்திலுமாகப் பிரிந்து கிடந்ததுமே காரணம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது, ஓரிடத்தில் முதலற்றுக் கிடைத்த பிரதியின் முதற்பகுதியை வேறோரிடத்துப் பிரதியிலிருந்தும், அங்கே சிதைந்த ஏட்டை இன்னோரிடத்திலிருந்தும் பெற்று, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் நூலுருவில் நிறுத்தினார். ஏட்டை வைத்திருந்தவர்களில் பலருக்கு அதில் உள்ளது இன்னதென்றே தெரியாது. தெரியாமலேயே காத்தார்கள், அந்தக் காவல் போதுமானதாயிருந்தது.

ஆனால் ஏட்டை வைத்திருந்தவர் அதைப் படித்துவிடுவாரே என்று எழுதியவர் அஞ்சியதில்லை. படிக்க வேண்டும் என்பதே அவருடைய அபிலாஷை. பட்டறைக்காரரின் நிலை வேறு. வாடிக்கையாளரின் டிராயிங்கை மற்றொருவர் காண்பது நம்பிக்கைத் துரோகம். கணக்கைக் காண்பது தொழிலுக்கே ஆபத்து. எனவே பிரதி தம் வாசலைத் தாண்டுமுன் பூட்டிய பெட்டியாக வேண்டும். பெல்ஜிய நாட்டவரான யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்து, 2001-இல் அமெரிக்க அரசு தன் நியமமாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். என்னும் மறையாக்க முறை இன்று எந்தச் சாதாரணக் கணினியிலும் உள்ளது. அதன் சாவிகளுள் மிகச் சிறியதற்கே முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட எண்ணிக்கையில் மாற்றுகள் உண்டு. உலகத்துக் கணினிகள் யாவும் கூடி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதென்றால் மனித குலத்தின் ஆயுள் போதாது. இதன் பயனாக, அயல்வீட்டார் வைத்திருப்பது வெறும் இரைச்சல் போன்ற எழுத்துக்குவியலே ஆகிறது. அவர் நல்லவரா என்று ஆராய வேண்டிய அவசியம் இத்தோடு நீங்குகிறது. அவர் இருப்பாரா என்பது ஒன்றே எஞ்சுகிறது.

இந்த 'இருப்பாரா' என்னும் கேள்வி எளிதன்று. ஆலைகளில் நாடெங்கிலுமிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்கள் வாடகை அறையைக் காலிசெய்து போகிறார்கள், கணினி இரவில் அணைக்கப்படுகிறது, மின்சாரம் நிற்கிறது, லேப்டாப் விற்கப்படுகிறது. கணக்குக்காக, ஒவ்வொரு வீடும் தேவையான சமயத்தில் கைகொடுக்காமற் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டென்றும், ஒரு வீட்டின் கெடுதலுக்கும் மற்றொன்றின் கெடுதலுக்கும் சம்பந்தம் இல்லையென்றும் வைத்துக்கொள்வோம். மூன்று வீடுகளில் மூன்று முழுப் பிரதிகளை வைத்தால், மூன்றும் ஒருங்கே கைவிடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அதாவது பத்தாயிரத்தில் பத்து. இதற்கு நாம் கொடுக்கும் விலை, கோப்பின் அளவைப் போல் மூன்று மடங்கு இடம். இதைவிடக் குறைந்த இடத்தில் இதைவிட நல்ல காவலைப் பெற முடியுமா என்று கேட்டால், முடியும் என்று கணிதம் விடை கூறுகிறது. கணினி விஞ்ஞானத்தின் அழகிய பகுதிகளுள் ஒன்று இது என்று நான் கருதுவதால் சற்று நின்று பார்ப்போம்.

நம்மிடம் காக்க வேண்டிய எண்கள் இரண்டு, 7-உம் 4-உம் என்று கொள்வோம். 7-இல் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் 4 ஏறிச்செல்லும் ஒரு நேர்கோட்டை மனத்தில் வரைந்தால், முதற்படியில் 11, இரண்டாம் படியில் 15, பின்னர் 19, 23, 27 என்று ஐந்து புள்ளிகள் கிடைக்கும். ஐந்து வீடுகளுக்கு ஆளுக்கொரு புள்ளியாகக் கொடுத்துவிடுவோம். அவற்றுள் மூன்று வீடுகள் அழிந்துபோய், இரண்டாம் படியின் 15-உம் ஐந்தாம் படியின் 27-உம் மட்டுமே எஞ்சின என்றாலும் குறைவில்லை: மூன்று படிகளில் 12 ஏறியிருப்பதால் படிக்கு 4, 15-இலிருந்து இரண்டு படி கீழிறங்கினால் 7. எந்த இரண்டு வீடுகள் பிழைத்தாலும் விடை இதுவே. இரு புள்ளிகள் ஒரே நேர்கோட்டைத்தான் நிர்ணயிக்கும் என்று பள்ளியில் படித்த பாடத்துக்கு இத்துணை வலிமை உண்டு. காக்க வேண்டிய எண்கள் மூன்றானால் நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு, ஐந்தானால் இன்னும் நெளிவுள்ள கோடு, தத்துவம் மாறுவதில்லை. எண்கள் பெருகிக்கொண்டே போகாமல் ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் அடங்கியிருக்கும்படி செய்வதற்கு, இருபதாவது வயதில் 1832-இல் துப்பாக்கிச் சண்டையில் மாண்ட பிரெஞ்சுக்காரன் கால்வா கண்ட கணிதம் துணைசெய்கிறது. இதனை 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் இருவர் ஒழுங்குபட வகுத்தமையால் ரீட்–சாலமன் குறிமுறை என்று வழங்குகிறார்கள்.

இதைக் காண வாலாஜாபாத்வாசி எங்கும் போக வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையின் ஓரம் கிழிந்தும் எண்ணெய்க்கறை படிந்தும் இருந்தாலும் செல்போன் அதைப் பிழையின்றிப் படித்துவிடுவது இந்தக் குறிமுறையாலேயே. அதன் மிக உறுதியான வகையில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு அழிந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். ஜப்பானில் டென்சோ என்னும் மோட்டார் உதிரிபாக நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவர், கார்ச் சாமான்களை அடையாளங்கண்டு கணக்கு வைப்பதற்காக, எண்ணெயும் அழுக்கும் படிந்த தொழிற்சாலைச் சூழ்நிலைக்கென்றே 1994-இல் அதை உருவாக்கினார். இன்று ஒரகடத்துப் பாகப்பெட்டிகளின் மேலும், சாலையோரக் கடைகளிலும் ஒருங்கே விளங்கும் அந்தச் சதுரம், நாம் பேசும் பிரதிக்காவலின் உடன்பிறப்பே ஆகும்.

மீண்டும் கணக்குக்கு வருவோம். கோப்பை ஐந்தாகப் பிரித்து, அவற்றிலிருந்து பத்துத் துண்டுகளைச் செய்து, பத்து வீடுகளில் வைத்து, எந்த ஐந்து கிடைத்தாலும் போதும் என்னும்படி அமைத்தால், செலவாகும் இடம் இரண்டு மடங்கு மட்டுமே. பத்தில் ஆறு வீடுகளாவது ஒரே சமயத்தில் கைவிட்டாலன்றிக் கோப்பு அழியாது. அதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒன்றரை. மூன்று முழுப் பிரதிகளைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் மிச்சம். காவலோ ஆறேழு மடங்கு அதிகம். டாஹோ-லாஃப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் தன் வழக்கமான அமைப்பில் பத்துத் துண்டுகளில் எந்த மூன்று கிடைத்தாலும் போதும் என்று வைத்திருக்கிறது. அதே அனுமானத்தில் அதன் அபாயத்தைக் கணக்கிட்டால் ஒரு கோடியில் நான்குக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது.

இவ்வளவு சிறிய எண்களைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. ஆனால் ஒரு வீட்டின் கெடுதலுக்கும் மற்றொன்றின் கெடுதலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டோமே, அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்தக் கட்டடம் முழுவதும் நிற்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதியில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, அடையாறும் ஏரிகளும் ஒன்றாகப் பெருகியபோது, ஒருவர் வீட்டுக் கணினியும், அவர் பிரதி வைத்திருந்த சிநேகிதர் வீட்டுக் கணினியும், இருவரும் பழுதுபார்க்கக் கொடுக்கும் கடையும் ஒரே வெள்ளத்தில் மூழ்குவதற்குத் தடையொன்றும் இருக்கவில்லை. 1878-இல் தொடங்கிய 'தி ஹிந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு, மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குப் பணியாளர் போய்ச் சேர முடியாமையால், மறுநாள் அச்சாகவில்லை. பொருள் அழியாமல் இருந்தும் அதனிடம் நாம் சென்று சேர முடியாத நிலையும் ஒரு கெடுதலே என்பதற்கு இது தக்க சான்று. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையே தரைப்பாலத்தின் வழியே நடந்த போக்குவரத்து நின்றது. பத்துத் துண்டுகளையும் பாலாற்றின் ஒரே கரையில் வைத்தவர் விஷயத்தில், நூறாண்டுக்கு ஒருமுறை பத்து வீடுகளையும் சேர்த்து அழிக்கும் வெள்ளம் ஒன்று வருமென்று வைத்துக்கொண்டால், அவருடைய அபாயம் கோடியில் நான்கு அன்று. ஆண்டுதோறும் நூற்றில் ஒன்று. கணிதம் பொய்த்துவிடவில்லை, அதற்கு நாம் கொடுத்த வாக்குறுதி பொய்த்தது.

தண்ணீர் மட்டுமே வீடுகளை ஒன்றாக இணைப்பதில்லை. 2017 மே மாதம் 12-ஆம் தேதி தொடங்கி உலகின் ஏறக்குறைய நூற்றைம்பது நாடுகளில் பரவிய வானாக்ரை என்னும் தீய நிரல், விண்டோஸ் கணினிகளில் இருந்த ஒரே குறையின் வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஒரகடத்தில் அப்போது இருந்த ரெனோ–நிசான் ஆலையின் வேலையும் அதனால் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. டெட்ராய்ட்டில் ஒன்றும் டோக்கியோவில் ஒன்றும் பாலாற்றங்கரையில் ஒன்றுமாகக் கணினிகள் இருந்தாலும், அவை யாவும் ஒரே மென்பொருளால் ஓடுமாயின், அந்த நோய்க்கு அவை ஒரே வீட்டில் இருப்பவையே. மேலும், மூலத்தில் நேர்ந்த மாற்றத்தை உடனுக்குடன் பிரதியிலும் செய்துவிடும் ஏற்பாடு, நோயையும் உடனுக்குடன் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் நேற்றைய வடிவத்தையும் சென்ற மாதத்து வடிவத்தையும் அழிக்காமல் அடுக்கிவைப்பதே பேக்கப் எனத் தக்கது. இன்றைய வடிவத்தை இரண்டு இடங்களில் காட்டுவது சௌகரியம் மட்டுமே.

மூன்றாவதாக ஒரு பிணைப்பு இருக்கிறது. அதை விளக்க நம்முடைய ஏடுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. நானூறு பாடல்கள் கொண்ட புறநானூற்றில் 267, 268 என்னும் இரு பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. பல ஊர்களில் பல பிரதிகளைத் திரட்டிய பிறகும் அதே இடங்கள் வெறுமையாகவே இருந்தன. வெவ்வேறு ஊர்களில் இருந்த ஏடுகள் வெவ்வேறு செல்லுக்கு இரையானால் ஓட்டைகள் வெவ்வேறு இடங்களில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதென்றால், அவை யாவும் ஏற்கெனவே சிதைந்திருந்த ஒரு தாய் ஏட்டின் வழிவந்தவை என்று ஊகிப்பதே பொருத்தம். கணினியில் 'கரப்ட்' ஆன கோப்பிலிருந்து பத்துப் பிரதி எடுத்தவனுடைய நிலையும் இதுவே. அவனிடம் பத்துப் பிரதிகள் இருக்கின்றன, நூல் இல்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து நூலகத்தில் விக்டோரியா ரைக்கும் டேவிட் ரோசன்தாலும் தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய லாக்ஸ் என்னும் ஏற்பாட்டில், நூலகங்கள் தத்தம் கணினியில் ஒரே சஞ்சிகையின் பிரதிகளை வைத்துக்கொண்டு, இடையிடையே ஒன்றையொன்று விசாரித்து ஒருவகை வாக்கெடுப்பு நடத்துகின்றன. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத பிரதி பழுதென்று தீர்மானிக்கப்பட்டுச் சீர்செய்யப்படுகிறது. உ. வே. சா. பல ஏடுகளை விரித்துவைத்துப் பாடபேதம் நோக்கிய அந்தப் பொறுமை, இங்கே இரவும் பகலும் ஓயாமல் யந்திரத்தால் நடைபெறுகிறது.

இனி, பகிர்ந்துகொள்வோருக்குள் நியாயம் நிலவுவது எப்படி? தம் பிரதியை ஊரெல்லாம் வைத்துவிட்டு, பிறர் பிரதிக்கு இடங்கொடுக்காதவர் எங்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் இணையத்தில் இசைக்கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழங்கிய நுட்டெல்லா வலையை ஆராய்ந்த அடார், ஹூபர்மன் இருவரும், அதில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் ஒன்றையுமே பகிரவில்லை என்று கண்டார்கள். இசைக்கோப்பு விஷயத்தில் இது பொறுக்கத்தக்கது; பிரதிக்காவலில் ஏற்பாட்டையே குலைத்துவிடும். பாஸ்டிஷை அமைத்த காக்ஸும் நோபிளும் 2003-இல் இதற்கென்றே சம்சாரா என்னும் உபாயத்தை வகுத்தார்கள். ஒருவர் என்னிடம் ஒரு துண்டை வைத்தால், அதே அளவுள்ள ஒரு பொய்த்துண்டை, சுருக்கவோ ஊகிக்கவோ முடியாத எழுத்துகளால் செய்து, நான் அவரிடம் வைப்பேன். எனக்கு உண்மையான தேவை வரும்போது அந்தப் பொய்த்துண்டை எடுத்துவிட்டு என் பிரதியை அங்கே வைத்துக்கொள்வேன். இதனால் இடங்கொடாமல் இடம்பெறுவது இயலாததாகிறது. இடங்கொடுத்தவர் உண்மையில் வைத்திருக்கிறாரா என்பதற்கும் பரீட்சை உண்டு. நான் ஒரு புதிய எண்ணைச் சொல்லி, 'உம்மிடமுள்ள என் துண்டோடு இதைச் சேர்த்து வரும் சுருக்கக் குறியைச் சொல்லும்' என்று கேட்பேன். துண்டு முழுவதும் கையில் இல்லாதவரால் அந்தக் குறியைச் சொல்லவே முடியாது. தவறியவருடைய பிரதியை உடனே அழிக்காமல், தவறும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இழக்கும் அபாயத்துக்கு அவரை ஆளாக்குவது சம்சாராவின் முறை. ஒருநாள் மின்சாரம் நின்றவருக்குக் கேடில்லை. மாதக்கணக்கில் ஏமாற்றுபவர் எல்லாவற்றையும் இழப்பார். இந்தத் தாட்சணியமும் கண்டிப்பும் கலந்த தண்டனையை நான் மிகவும் மெச்சுகிறேன்.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் வரும் உத்திரமேரூரில், முதற்பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உரியவர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் பெறமாட்டார்கள் என்பது அவற்றுள் ஒன்று. பொதுவில் வைத்த பொருளைக் காப்பவன் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்னும் அந்த நியதிக்கும், துண்டைக் கேட்டபோது குறியைச் சொல்ல வேண்டும் என்னும் இந்த நியதிக்கும் இடையே ஆயிரத்து எண்பது ஆண்டுக்கு மேல் கடந்திருக்கின்றன.

இவ்வளவு நுட்பமும் இருந்தும் உலகமெங்கும் மக்கள் தங்கள் பிரதியைப் பெருநிறுவனங்களின் கூடங்களுக்கே அனுப்பிவிட்டது ஏன்? சுவிட்சர்லாந்தில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய வூவாலா என்னும் சேவை, தம் டிஸ்கில் இடங்கொடுத்தவருக்கு வலையில் இடம் அளித்து நேர்த்தியாக நடந்தது. 2011-இல் அந்தப் பரிமாற்றத்தை நிறுத்தியது. 2015-இல் தானே மூடப்பட்டது. மொத்தமாக வாங்கும் டிஸ்க் மலிந்ததும், வீட்டு இணைப்பில் அனுப்பும் வேகம் குறைவாக இருந்ததும் இத்தகைய முயற்சிகளுக்குப் பெருந்தடைகள். ஐந்நூறு ஜி.பி. அளவுள்ள கோப்புகளை விநாடிக்குப் பத்து மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் நாலரை நாளுக்கு மேல் ஆகும். இரண்டு மெகாபிட்டே கிடைத்தால் இருபத்து மூன்று நாள். ஆயினும் நிறுவனத்தின் கூடம் எத்துணைப் பெரிதாயினும், ஒரு நிறுவனம் என்ற வகையில் அது ஒரே வீடுதான். கணக்கு முடக்கப்பட்டாலும், கட்டணம் தவறினாலும், சேவை கைவிடப்பட்டாலும் உள்ளே உள்ள அத்தனை பிரதிகளும் ஒருசேரக் கைநழுவும். அதையும் ஒரு வீடாக எண்ணிச் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். அது ஒன்றே போதும் என்றிருப்பது அபாயம் என்பது என் துணிபு.

ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்ததன் துயரத்தைத் தமிழினம் அறியும். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அழிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள் என்பர். அவற்றோடு வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் போயின. 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து வலையில் வைத்துவருவதன் பின்னால் அந்தச் சாம்பலின் நினைவு நிற்கிறது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், கூலி கருதாமல், வீட்டுக் கணினிகளில் சங்க நூல் முதற்கொண்டு தட்டச்சு செய்து சேர்த்தார்கள். முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் எடுத்து எவருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு அந்நூல்கள் வெளியாகின்றன. அந்த அனுமதி, காவல் என்ற நோக்கில் மிக உயர்ந்தது. தமிழ் படிக்கும் எத்தனையோ பேருடைய டிஸ்கின் மூலையில், அவர்கள் மறந்தேபோன ஒரு புறநானூறு இருக்கிறது. மென்பொருளும் வேறு வேறு, ஆறும் வேறு வேறு.

பட்டறைக்காரருக்கு இவ்வளவு பெரிய உலகம் தேவையில்லை. மூன்று வீடுகள் போதும். ஒன்று வாலாஜாபாத்திலேயே, உடனே எடுக்கும்படி. ஒன்று கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ உள்ள மைத்துனர் வீட்டில். ஒன்று வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையிடத்தில். முதற்பிரதியைக் கம்பி வழியே அனுப்பி நாட்களைக் கழிக்காமல், ஒரு சிறிய ஹார்டு டிஸ்கில் ஏற்றிப் பண்டிகைக்குச் செல்லும்போது கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டால், பிற்பாடு அன்றாடம் மாறியதை மட்டும் இரவில் அனுப்பினால் ஆயிற்று. சிறு பட்டறையில் அது சில நூறு எம்.பி.க்கு மேல் போவது அரிது. மறையாக்கச் சாவியை அதே கணினியில் மட்டும் வைத்திருந்தால் கணினியோடு சாவியும் போய், மூன்று பிரதிகளும் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். இதற்கும் நாம் பார்த்த நேர்கோடே உதவுகிறது. அடி ஷமீர் என்னும் இஸ்ரேலிய அறிஞர் 1979-இல் காட்டியபடி, கோடு தொடங்கும் எண்ணைச் சாவியாக வைத்து, படிக்கு ஏறும் அளவைக் கண்மூடி எடுத்த எண்ணாக வைத்து, மூன்று புள்ளிகளை மூவரிடம் கொடுத்தால், எந்த இருவர் கூடினாலும் சாவி கிடைக்கும். தனியொருவர் தம் புள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும், ஒரு புள்ளியின் வழியே எண்ணற்ற கோடுகள் செல்வதால், சாவியைப்பற்றி அணுவளவும் அறிய முடியாது.

எஞ்சியிருப்பது பரீட்சை. மீட்டுப் பார்க்காத பிரதி, பிரதி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றே ஆகும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பட்டறைகளில் வேலை நிறுத்தி யந்திரங்களைத் துடைத்து எண்ணெயிடும் வழக்கம் எப்படியும் இருக்கிறது. அன்று பழைய ஜாப் ஒன்றின் புரோகிராமையும் சென்ற ஆண்டுக் கணக்கு ஒன்றையும் மூன்று வீடுகளிலிருந்தும் வரவழைத்து, சாவிக்குரியவர் இருவரைப் போனில் அழைத்துப் பூட்டைத் திறந்து பார்க்கலாம். வந்தவை மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதைக் கணினி சில விநாடிகளில் சொல்லிவிடும். ஒவ்வாதது இருந்தால் எந்த வீட்டுப் பிரதி பழுதென்று கண்டு, மற்ற இரண்டிலிருந்து புதியதொன்று செய்து அனுப்பிவைக்க அன்றைய பிற்பகல் போதும்.